கஸ்தூரிக் கை

செசீலியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேருந்தின் மூக்கு பச்சை விளக்குக் காட்டியபோது, மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

தூத்துக்குடியில் குளிர்சாதன மின்பேருந்துகள் ஓடத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பேருந்தின் வாசலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சல்லடை பதித்திருந்தார்கள். ஏறுகிறவர் மீது என்ன வீசுகிறது என்று அதற்குள் இருக்கும் கருவி அளக்கும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் கதவு மூடிக்கொள்ளும். 'மன்னிக்கவும், பிற பயணிகளின் வசதிக்காக' என்று ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொல்லும். முன்பெல்லாம் ஆள் இறக்கிவிட்டால் ஆளோடு சண்டை போடலாம். சல்லடையோடு என்ன சண்டை போடுவது? திரேஸ்புரத்து மீன்காரப் பெண்கள் மூன்று வருடமாக லோடு ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று லோடு ஆட்டோ வரவில்லை. கதவைச் சிவப்பாக்கிப் பேருந்தை இரண்டு நிமிடம் தாமதப்படுத்தலாமே என்ற சந்தோஷத்துக்காகத்தான் செசீலி படியில் கால் வைத்தாள். அவள் இதை அடிக்கடி செய்வாள். பச்சை எரிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"ஏட்டி, உள்ள போவோமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் இஞ்ஞாசியக்கா. செசீலியைவிட எட்டு வயது மூத்தவள், பதினாறு வருடமாக அவளோடு சேர்ந்து மீன் விற்கிறவள்.

"போவோம்க்கா. அதுக்குப் புத்தி திரும்பறதுக்குள்ள."

இஞ்ஞாசியக்காவுக்கும் பச்சைதான் எரிந்தது. இருவரும் மூடி போட்ட மீன் பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குளிர்காற்று வரும் துளைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு இஞ்ஞாசியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முன்னிருக்கையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் திரும்பி, "என்ன சென்ட்டு ஆன்ட்டி இது? எங்க வாங்கினீங்க?" என்றாள்.

செசீலி அப்போதுதான் தன் உள்ளங்கையை முகர்ந்தாள். முப்பது வருடமாக அங்கே இருந்த மீன் கவிச்சி இல்லை. கதகதப்பாக, ஆழமாக, பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் பட்டுப்புடவையைப் போர்த்தியது போல ஏதோ ஒன்று வீசியது.

அன்று வியாபாரம் மோசம். மில்லர்புரத்தில் எப்போதும் வாங்கும் வீட்டம்மா கதவைத் திறந்து, ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, "பழைய மீனுக்கு சென்ட் அடிச்சுக் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டாள். செசீலி ஊளி மீனின் செவுளை விரித்துச் சிவப்பைக் காட்டினாள். வீட்டம்மா நம்பவில்லை. மீன்காரி என்றால் மீன்காரி மாதிரி வீச வேண்டும். இல்லாவிட்டால் சந்தேகம் வந்துவிடுகிறது.

வீட்டிலும் சந்தேகம் வந்தது. அவள் கணவன் லூக்காஸ் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவிட்டு வந்தவன், வாசலிலேயே நின்றான்.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"ஒரு ஆளா ரெண்டு ஆளா, பேரு சொல்ல? சோத்தப் போட்டு வச்சிருக்கேன், சாப்பிடுங்க."

லூக்காஸ் சாப்பிட்டான். மூன்று நாளில் அவன் கையும் அப்படியே மணக்க, துறையில் மற்றவர்கள் அவனிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். அத்தோடு அவன் சந்தேகம் தீர்ந்தது.

விஷயம் என்னவென்று செசீலிக்குச் சொன்னவள் எழில்வேணி. கோவில்பட்டிக்காரி, முப்பத்து நான்கு வயது. ஊருக்கு வெளியே இருந்த வாசனைத் தொழிற்சாலையில் நுண்ணுயிர்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரேஸ்புரத்துக்காரர்கள் அதை 'சென்ட் கம்பெனி' என்பார்கள். மீன் குடல், தலை, கழிவு எல்லாவற்றையும் நீல டிரம்களில் நிரப்பி அங்கே கொடுப்பார்கள். காலி டிரம்களைத் திரும்ப எடுத்து வருவார்கள். அந்த வாரம் டிரம் கொடுக்கப் போன செசீலி வாயிலில் கையெழுத்துப் போடும்போது, பக்கத்தில் நின்ற எழில்வேணி சட்டென்று அவள் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"அக்கா, இது எப்படி உங்க கையில?"

"அதைத்தான் நானும் ஊரெல்லாம் கேட்டுட்டு அலையுதேன்."

எழில்வேணி அவளை மரநிழலுக்குக் கூட்டிப்போய், பஞ்சுக் குச்சியால் உள்ளங்கையைத் தேய்த்து ஒரு குழாயில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள நாங்க ஒரு ஈஸ்ட் வளர்க்கிறோம். ரொட்டி மாவுல போடுற ஈஸ்ட்டுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்கோங்க. கேண்டிடான்னு பேரு. அது மீன் எண்ணெயைத் தின்னு கஸ்தூரி வாசனை விடும். அந்தக் காலத்துல கஸ்தூரிக்கு மானைக் கொல்லணும். இதுக்கு மீன் குடல் போதும்."

"நல்ல காரியம்தான."

"நல்ல காரியம்தான். ஆனா அது நல்ல ஆளு இல்ல. மனுஷ உடம்புல ஏற்கெனவே குடியிருக்கிற சாதி அது. நாம தெம்பா இருக்கிற வரைக்கும் சும்மா கிடக்கும். சர்க்கரை இருக்கிறவங்க, புண்ணு இருக்கிறவங்க, வயசானவங்க கிடைச்சா ரத்தத்துல இறங்கிடும். அப்புறம் உயிருக்கு ஆபத்து." அவள் டிரம்களைப் பார்த்தாள். "காலி டிரம்மை நீராவியில அவிச்சுத்தான் வெளியே அனுப்பணும். வேலை வேகமா நடக்கணும்னு அவிக்கிறதை நிறுத்தியிருக்காங்க போல."

"சோப்புப் போட்டாப் போயிருமா?"

"போகாது. களிம்பு தர்றேன். ரெண்டு வாரம் தடவணும். உங்ககூட வர்ற எல்லாருக்கும் சொல்லுங்க."

செசீலி களிம்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. சர்க்கரை என்ற சொல் அவள் காதில் தனியாக விழுந்திருந்தது. இஞ்ஞாசியக்காவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஆனால் மறுநாள் காலையில் இஞ்ஞாசியக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, குளிர்காற்றில் முந்தானை பறக்க, ஊரை ஏதோ தான் கட்டியது போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று செசீலி நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

இதற்குள் தெரு விழித்துக்கொண்டது. செசீலியைத் தொட்டால் பேருந்தில் ஏறலாம் என்று பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் வழக்கமாகக் கைகூப்பித் தலையசைப்பார்கள். அந்த ஞாயிறு, நான்கு வரிசை தள்ளி இருந்தவர்கள்கூட எழுந்து வந்து செசீலியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தித் தேய்த்தார்கள். எட்டு வருடமாகப் பேசாமல் இருந்த நாத்தனாரும் வந்தாள். இவ்வளவு சமாதானத்தை அந்தக் கோயில் பார்த்ததில்லை என்று சாமியாரே பூசை முடிவில் குறிப்பிட்டார். மறு வாரம் காலை ஆறரை மணிப் பேருந்தில் மீன்காரப் பெண்கள் பதினேழு பேர். வீட்டம்மாக்களும் பழகிக்கொண்டார்கள். மணக்கிற கையிலிருந்து வாங்கும் மீன்தான் நல்ல மீன் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கிளப்பிவிட்டது செசீலிதான்.

பத்தொன்பதாம் நாள் இஞ்ஞாசியக்கா வரவில்லை. கத்தாழை மீன் வெட்டும்போது பெருவிரலில் ஒரு கீறல். சின்னக் கீறல்தான், துணி சுற்றியிருந்தாள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு நாள் ஊசி போட்டும் இறங்கவில்லை. வார்டுக்குள் நுழைந்தால் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது போல மணந்தது. "பாட்டி படுக்கைப் பக்கம் வந்தாலே நல்லா இருக்கு" என்று நர்ஸ் சிரித்தாள். செசீலி வராந்தாவுக்கு வந்து எழில்வேணிக்குப் போன் செய்தாள்.

எழில்வேணி அரை மணி நேரத்தில் வந்தாள். இஞ்ஞாசியக்காவின் நெற்றியில் குனிந்து முகர்ந்துவிட்டு, நேராக டாக்டரிடம் போனாள்.

"இது பாக்டீரியா இல்ல டாக்டர், ஈஸ்ட். வழக்கமா கொடுக்கிற பூஞ்சை மருந்தும் கேட்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டியில வேற பூஞ்சை வளரக்கூடாதுன்னு அந்த மருந்தைத் தொட்டியிலேயே கலப்போம். அதுல பிழைக்கிற மாதிரி இதைப் பழக்கி வச்சிருக்கோம். நான்தான் பழக்கினேன்." அவள் ஒரு தாளில் வேறொரு மருந்தின் பெயரை எழுதினாள். "இதுக்குச் சாகும். கம்பெனி ரகசியக் கோப்புல இருக்கிற விஷயம். நான் சொன்னேன்னு நீங்க தாராளமா எழுதிக்கலாம்."

மருந்து ஏறி மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இஞ்ஞாசியக்கா பிழைத்தாள். ஆனால் ஈஸ்ட் அதற்குள் இடது கண்ணுக்குள் போயிருந்தது. அந்தக் கண்ணின் பார்வை திரும்பவில்லை. எழில்வேணிக்கு அதே வாரம் வேலை போனது. அவள் மேசையையும் கணினியையும் பூட்டி எடுத்துக்கொண்டார்கள்.

வார்டில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே செசீலி எல்லாவற்றையும் சொன்னாள். களிம்பு, அரிசி டப்பா, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது எல்லாம். இஞ்ஞாசியக்கா நல்ல கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் தடவியிருக்க மாட்டேன்ட்டி. அந்த ஜன்னல் சீட்ட விட்டுக் குடுத்திருப்பேன்னா நினைக்க?"

செசீலி அழத் தொடங்கினாள்.

"ஆனா அது வேற," என்றாள் இஞ்ஞாசியக்கா. "தடவாம இருந்தா அது என் முடிவு. நீ சொல்லியிருக்கணும்."

அவள் ஆரஞ்சை வாங்கித் தின்றாள். செசீலி வீட்டுக்குப் போய்த் தெருவில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாள். ஏசினார்கள். நாத்தனார் மறுபடியும் பேச்சை நிறுத்தினாள். ஆனால் எல்லோரும் களிம்பு தடவச் சம்மதித்தார்கள். தடவும் முன் எழில்வேணி ஒவ்வொரு கையிலிருந்தும் பஞ்சில் எடுத்து, தான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் பேராசிரியர் அனுமதியோடு குளிர்பெட்டியில் வைத்தாள். "எதுக்கு?" என்று கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

களிம்பு தடவத் தொடங்கிய நான்காம் நாள் கம்பெனியிலிருந்து வீடு வீடாகப் பதிவுத் தபால் வந்தது. வேறொரு வாசனை நிறுவனத்தின் ஆட்கள் மீன் சந்தையில் கைகளை முகர்ந்துகொண்டு திரிந்ததாகப் பேச்சு. அந்தப் பயத்தில் அனுப்பியிருக்கிறார்கள். எழில்வேணி வாசித்துக் காட்டினாள்: 'தங்கள் கைகளில் தற்போது வளர்ந்துவரும் ஈஸ்ட் எமது நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட உயிர்ச்சொத்து. இதைப் பிறருக்குக் கொடுப்பதோ பரப்புவதோ சட்டப்படி குற்றம்.'

"எங்கையி அவனுக்குச் சொத்தா?" என்றாள் செசீலி. "மூதிப் பயலுவ. இந்தத் தாளப் பத்திரமா வைக்கணும்."

இஞ்ஞாசியக்காவின் கண்ணுக்கு இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனு துணை ஆட்சியரிடம் விசாரணைக்கு வந்தது. முந்தின நாள் எழில்வேணி செசீலியையும் இஞ்ஞாசியக்காவையும் உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆதாரமெல்லாம் கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்துச் சோதித்தால் கைகளில் இருந்ததோடு பொருந்தும். ஆனால் தொட்டியில் எதுவும் இருக்காது. போன வாரமே மேலாளர் சுகவனம் எல்லாத் தொட்டிகளையும், சேமித்து வைத்த வித்துக் குப்பிகளையும் சேர்த்து, ஒன்று விடாமல் அவித்துக் கொட்டிவிட்டதாக உள்ளே வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

"அப்ப ஒண்ணும் கிடைக்காதா?" என்றாள் செசீலி.

"கிடைக்கலாம். வேற மாதிரி. ஆனா அதுக்கு, 'அது எங்க ஈஸ்ட் இல்ல'ன்னு அவங்க வாயால சொல்லணும். அப்படிச் சொல்லிட்டா இஞ்ஞாசியக்கா கண்ணுக்கு அவங்க பொறுப்பில்லன்னு ஆயிடும்."

எழில்வேணியும் செசீலியும் இஞ்ஞாசியக்காவைப் பார்த்தார்கள். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"சொல்லட்டும்," என்றாள்.

சுகவனம் நல்ல உடுப்பில், வழக்கறிஞரோடு வந்திருந்தார். கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருந்தார்.

"மேடம், இந்த இனம் மீன்லயும் இருக்கு, மனுஷத் தோல்லயும் இருக்கு. உலகம் பூரா இயற்கையா இருக்கிறது. எங்க ஆலைக்கும் இவங்க கையில இருக்கிறதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து சோதிக்கலாம்."

செசீலி எழுந்தாள். "அம்மா, சார் சொன்னத அப்படியே எழுதிக்கிடுங்க. ஒரு எழுத்து விடாம."

"எழுதியாச்சு."

"சார் கையெழுத்துப் போடுவாவளா?"

சுகவனம் புன்னகைத்துக்கொண்டே பேனாவை எடுத்தார். அப்போது செசீலி பிளாஸ்டிக் உறையிலிருந்து பதிவுத் தபாலை எடுத்து மேசையில் வைத்தாள். துணை ஆட்சியர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"இதுல உங்க சொத்துன்னு போட்டிருக்கீங்க. இங்க சம்பந்தமில்லங்கறீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

வழக்கறிஞரும் சுகவனமும் ஜன்னலோரம் போய்ப் பேசினார்கள். சொத்து என்றால் ஒரு கண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆலையை மூட வேண்டி வரும். சொத்தில்லை என்றால், களிம்பு தடவிக்கொண்டிருக்கும் சில மீன்காரிகளின் கையில் கொஞ்ச நாள் ஈஸ்ட் இருக்கும், அவ்வளவுதான். சுகவனம் திரும்பி வந்து, கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டது, வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழில்வேணி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. திரேஸ்புரம் மீன் விற்கும் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் கஸ்தூரி வாசனை தயாரிக்க அனுமதிகள் வாங்கவே பதினோரு மாதம் ஆனது. பழைய ஐஸ் ஆலை ஒன்றில், நான்கு பக்கமும் மூடிய எஃகுத் தொட்டி வைத்தார்கள். குளிர்பெட்டியில் இருந்த பஞ்சுகளிலிருந்து எழில்வேணி, கம்பெனி தனதில்லை என்று எழுதிக்கொடுத்த அந்த ஈஸ்ட்டை மறுபடியும் எழுப்பினாள். கைகளில் மீன் எண்ணெயைத் தின்று வளர்ந்த அது, கம்பெனித் தொட்டியில் இருந்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் கையுறை போட வேண்டும். வெளியே வரும் ஒவ்வொரு டிரம்மும் நீராவியில் அவிய வேண்டும். டிரம்களின் பக்கத்தில் இஞ்ஞாசியக்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் தலையசைக்காமல் எதுவும் வாசலைத் தாண்டாது. ஒரு நாள் நீராவி ஐந்து நிமிடம் குறைந்துவிட்டதென்று செசீலியின் டிரம்மைத் திருப்பி அனுப்பினாள். செசீலி முணுமுணுத்துக்கொண்டே உருட்டிப் போனாள்.

அடுத்த மாசி மாதத்தில் சுகவனம் வந்தார். இம்முறை வழக்கறிஞர் இல்லை. வித்துக் குப்பிகளை அழித்தபின் கம்பெனி வேறு எங்கிருந்தெல்லாமோ ஈஸ்ட் தருவித்துப் பார்த்தது. மீன் எண்ணெய் வீணானதுதான் மிச்சம். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சங்கத்திடமிருந்து ஈஸ்ட்டின் தாய் வித்து வாங்கிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார்.

"தரலாமே," என்றாள் செசீலி. "வாங்குற எல்லாரும் கையெழுத்துப் போடுத தாளு ஒண்ணு இருக்கு."

எழில்வேணி ஒரு தாளை நீட்டினாள். சுகவனம் வாசித்தார். முகம் மாறியது.

"இதுல இந்த ஈஸ்ட் நோய் உண்டாக்கும்னு போட்டிருக்கே. நான் இதுல கையெழுத்துப் போட்டா, அன்னைக்கு விசாரணையில சொன்னதுக்கு..."

"அன்னைக்கு நீங்க சொன்னது உங்க ஈஸ்ட்டப் பத்தி சார்," என்றாள் முக்காலியில் இருந்த இஞ்ஞாசியக்கா. "அது உங்களதே இல்லன்னுட்டீங்க, அது முடிஞ்சுபோச்சு. இது எங்க ஈஸ்ட்டு. எங்க ஈஸ்ட்டு ஆளக் கொல்லும்னு நாங்க ஒத்துக்கிடுதோம். அதத்தான் எழுதியிருக்கு."

 சுகவனம் பேனாவைத் தேடினார்.

"போடறதுக்கு முன்ன சத்தமா வாசிச்சிருங்க," என்றாள் அவள். "பொடி எழுத்து எனக்குத் தெரிய மாட்டேங்கு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "இந்த ஈஸ்ட் நீரிழிவு உள்ளவர்களுக்கும், புண் உள்ளவர்களுக்கும், உடல் தளர்ந்தவர்களுக்கும் ரத்தத்தில் கலந்து, கண்பார்வையையோ உயிரையோ பறிக்கக்கூடும். அதை அறிந்தே நான் பெற்றுக்கொள்கிறேன். என் ஆலையிலிருந்து அது வெளியேறினால் நானே பொறுப்பு."

இஞ்ஞாசியக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அந்தக் கண்பார்வை வர்ற வரி, அத இன்னொருக்க வாசிங்க சார்."

சுகவனம் வாசித்தார்.